தறி வீடும் லாரி வீடும்

சேலம் கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறி வீட்டோடு ஓடுகிறது. அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்கக் கண்ணெதிரில். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கோ, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கோ போன அப்பா வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) உள்ள எட்டு வயதுப் பையனை எந்த வீடு எளிதாகச் சமாளிக்கும்? தறி வீடு என்றுதான் தோன்றும்.

தறிச் சத்தத்துக்கு மேல் அம்மா கத்துகிறார்: "கண்ணு, கை கழுவிட்டு நோட்டை எடு, அப்படியே தம்பியப் பாத்துக்க." மூன்று வேலை, ஒரே மூச்சில். பையன் குழாயடியில் தண்ணீரோடு நின்றுவிடுகிறான். வீட்டார் கண்ணுக்கு அது அடம். உண்மையில் அடுத்தடுத்த வேலைகளை மனதில் பிடித்துவைப்பதுதான் அவனுக்குச் சிரமம். பாவு நூல் அறுந்தால் உடனே தறியை நிறுத்துகிறவர்கள், இவனுக்காகவும் ஒரு நிமிடம் நிறுத்தி, அருகே போய்த் தோளைத் தொட்டு, ஒரு வேலையை மட்டும் சொல்லலாம். முடித்ததும் அங்கேயே பாராட்ட வேண்டும்.

லாரி வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. சொல்கிறவர் ஒருவரே என்பதால் சட்டமும் மாறுவதில்லை. அங்கே கெடுப்பது ஒரு வாசகம்: "அப்பா வரட்டும், உனக்கு இருக்கு." பத்து நாள் கழித்து வரும் தண்டனை இந்தப் பையனுக்கு உறைக்காது; கையோடு கிடைப்பதுதான் உறைக்கும். வந்த அப்பா ஒன்று அடிக்கிறார், இல்லையென்றால் கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறார். அவர் போனதும் அம்மா முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரவு போனில் புகாரை விட்டு, பையன் அன்று ஒழுங்காகச் செய்த ஒன்றை அப்பாவிடம் சொல்லலாம்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டுதல், 4 முதல் 6 வயதுக்குள் மருந்துக்கு முன்பு, பிள்ளையின் நடத்தையைக் கையாளப் பெற்றோருக்கே பயிற்சி என்கிறது; அதற்கு மேல் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து. மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அதற்குச் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையும், நாமக்கல்லில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

பெற்றோர் எத்தனை பேர் அருகிலிருக்கிறார்கள் என்பதைவிட, செயலுக்கும் பதிலுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதே கணக்கு. அப்படிப் பார்த்தால் லாரி வீட்டு அம்மா விடவேண்டியது ஒரு மிரட்டலைத்தான். நெய்த அளவுக்கே கூலி வாங்கும் தறி வீட்டுக்கு, நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் காசு.