தலைமையற்ற போராட்டம்: 2018 ஏப்ரல் 2 முழு அடைப்பு

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்வதற்கு முன்அனுமதி தேவை என உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 20 அன்று ஆணையிட்டது. அதை எதிர்த்து ஏப்ரல் 2 அன்று நடந்த முழு அடைப்பை ஒற்றைக் கட்சியோ தலைவரோ வழிநடத்தவில்லை. பல்வேறு தலித் அமைப்புகள் விடுத்த அழைப்பு சமூக ஊடகங்களின் வழியே பரவியது. ஒருவரைக் கைது செய்தோ பேசிப் பணியவைத்தோ முடக்க இயலாமையே அதன் வலிமை.

அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து முன்அனுமதியை நீக்கியது. 2019 அக்டோபர் 1 அன்று நீதிமன்றமும் அவ்வாணையைத் திரும்பப் பெற்றது.

எனினும் வட மாநிலங்களில் பலர் உயிரிழந்தனர். ஏராளமானோர் மீது வழக்குகள் பதியப்பட்டன. வெற்றிக்கு உரிமைகோர அமைப்புகள் போட்டியிடலாம்; பிணைக்கும் வழக்குச் செலவுக்கும் பொறுப்பேற்பவர் யார்? தலைவரின்றிப் போராடலாம், சட்ட உதவிக் குழுவின்றிப் போராடலாகாது.