கதவுக்கு வெளியே நின்ற தந்தை

குடும்பத்தைக் கட்டிக் காப்பது அன்பு என்கிறோம். அரசின் ஒரு விதியும் அதைக் கலைத்துவிடக்கூடும் என்பதை அமெரிக்க வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், தந்தையின் ஆதரவை இழந்த ஏழைக் குழந்தைகளுக்கு உதவித்தொகை அளிக்க வழிவகுத்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் வீட்டில் ஆண் ஒருவர் இருந்தால் உதவி இல்லை எனப் பல மாநிலங்கள் விதித்தன. அதிகாரிகள் நள்ளிரவில் கதவைத் தட்டிச் சோதனையிட்டதும் உண்டு. வேலையற்ற தந்தை விலகிச் சென்றால்தான் பிள்ளைகளுக்கு உணவு என்னும் அவலம் பல இல்லங்களில் நேர்ந்தது. அலபாமாவில் நான்கு குழந்தைகளின் தாய் ஒருவர் தொடுத்த வழக்கில், 1968இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய விதியைச் செல்லாததாக்கியது.

இதற்கிடையே, 1965இல், தொழிலாளர் துறையின் உதவிச் செயலர் டேனியல் பாட்ரிக் மொய்னிகன் ஓர் அறிக்கையைத் தயாரித்தார். தந்தை பிரிந்து சென்றதால் இளமையிலேயே வறுமையை அறிந்தவர் அவர். கறுப்பினக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மணவாழ்வுக்கு வெளியே பிறப்பதைச் சுட்டி, அடிமை முறையும் வேலையின்மையும் அதன் வேர்கள் என்றார். ஆனால் அக்குடும்பங்களின் நிலையை நோயாக உருவகித்த அவர் சொற்கள் பலரைப் புண்படுத்தின. பாதிக்கப்பட்டோரையே பழிக்கிறார் என்ற கண்டனம் எழுந்தது.

1970களில் சியாட்டில், டென்வர் நகரங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு உறுதியான வருமானம் அளித்துச் சோதித்தனர். அதனால் மணமுறிவு கூடியதென ஆய்வாளர் அறிவித்தனர். அத்திட்டத்திற்கு இருந்த ஆதரவு தளர்ந்தது. 1990இல் அதே தரவுகளை மீண்டும் ஆய்ந்தவர்கள் அம்முடிவை மறுத்தனர். அதற்குள் காலம் கடந்திருந்தது.

1996இல் பழைய உதவித்திட்டம் நீக்கப்பட்டு, வேலைக் கட்டாயமும் ஐந்தாண்டு வரம்பும் கொண்ட புதிய சட்டம் வந்தது. அப்போது செனட்டராக இருந்த மொய்னிகன், குழந்தைகளே துன்புறுவர் என அஞ்சி அதை எதிர்த்தார். அவர் அஞ்சிய பேரழிவு உடனே நேரவில்லை. சட்டம் விரும்பியபடி திருமணங்களும் பெருகவில்லை. இன்று அந்நாட்டின் எல்லா இனங்களையும் சேர்த்து, ஏறக்குறைய 40 விழுக்காட்டுக் குழந்தைகள் மணவாழ்வுக்கு வெளியே பிறக்கின்றனர்.

ஒரு தந்தை வீட்டைவிட்டு நீங்கினான் எனக் கேட்டதும் நாம் அவன் ஒழுக்கத்தையே முதலில் எடைபோடுகிறோம். அவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திய விதி ஏதேனும் உண்டா என்று வினவுவதும் நம் கடமை அன்றோ?