மைக் செட்காரரின் ஒன்பது வினாடி

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர். பெயர் வேண்டாம் என்றார், விஷயத்தை எழுதச் சம்மதித்தார். அவருடைய அப்பாதான் நம் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு மைக் செட் போடுவார். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டில் இருப்பவை இரண்டே போட்டோக்கள். "சார், அப்பா நடமாடுற மாதிரி எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. ஆண்டு விழா வீடியோவுல எங்கயாச்சும் வர்றாரான்னு பாருங்க சார்" என்றார்.

அந்த வீடியோக்கள் என்னிடம் இருப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். கேசட்டில் பூஞ்சை பிடிப்பதற்குள் வி.சி.டி.யாக மாற்றி வைத்திருந்தேன். மொத்தம் ஒன்பது சி.டி., ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வினாடிக்கு 25 படம் என்றால் 8,10,000 படங்கள். கணக்குப் போடுவது சுலபம், உட்கார்ந்து பார்ப்பதுதான் முடியவில்லை. இரண்டாவது சி.டி.யில் பரிசளிப்பு நடக்கும்போது தூங்கிவிட்டேன். விழித்தபோது ஒரே பயம், நான் கண் அசந்த நேரத்தில் அவர் கடந்து போயிருந்தால்?

என் தங்கை பேரன் கணினிப் பொறியியல் படிக்கிறான். "தாத்தா, இதுக்குப் போய் உக்காந்து பாப்பாங்களா?" என்று இலவச மென்பொருள் ஒன்றை ஓடவிட்டான். ஷாட் மாறும் இடங்களை அதுவே கண்டுபிடித்து, ஷாட்டுக்கு ஒரு படம் வீதம் 1,140 படங்களைக் கொடுத்தது. இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்தேன். எதிலும் அவர் இல்லை.

ஏன் இல்லை என்று அவனைக் குடைந்ததில்தான் இந்த வரலாற்றுக்குள் போய் விழுந்தேன்.

அசைவை அளக்க வேண்டும் என்ற ஆசை சினிமாவை விட மூத்தது. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடுபாதை ஓரத்தில் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். பாதையின் குறுக்கே நூல்கள். சாலி கார்ட்னர் என்ற குதிரை ஓடும்போது நூல் ஒவ்வொன்றாக இழுபட, கேமராக்களும் ஒவ்வொன்றாகச் சொடுக்கின. பாய்ந்து ஓடும் குதிரையை ஓவியர்கள் அதுவரை முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டி, காற்றில் மிதப்பதுபோல் வரைந்து வந்தார்கள். நான்கு காலும் தரையை விட்டு எழுவது உண்மைதான், ஆனால் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேரும்போது என்று அந்தப் படங்கள் காட்டின. நாலு காலும் எப்போது மேலே என்று பல நூற்றாண்டு குதிரையோடு வாழ்ந்த மனிதனுக்குத் தெரியவில்லை!

அடுத்து பிரான்சில் எத்தியேன்-ஜூல் மாரே. 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார், வினாடிக்கு 12 படம் எடுக்கும். அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு அதைவிடப் பிடித்தது. ஒரு மனிதனுக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை போட்டு, கை கால் நெடுக வெள்ளைக் கோடு ஒட்டி, கறுப்புப் பின்னணியில் நடக்கவிட்டார். படத்தில் ஆள் மறைந்துவிட்டார், நடை மட்டும் கோடுகளாக நின்றது.

1973இல் சுவீடனின் உப்சாலாவில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர் இதே வழியில் போனார். மூட்டுகளில் மட்டும் வெளிச்சப் புள்ளிகள் தெரிய, ஒருவரை இருட்டில் படம் பிடித்தார். ஆள் அசையாமல் இருந்தால் பார்ப்பவருக்கு ஏதோ சிதறிய புள்ளிகள். நடக்கத் தொடங்கியதும் கண்சிமிட்டும் நேரத்தில் "மனிதன் நடக்கிறான்" என்று தெரிந்துவிடுகிறது. முகம் கிடையாது, உடம்பு கிடையாது, வெறும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்! 1977இல் அமெரிக்காவில் கட்டிங், கோஸ்லோவ்ஸ்கி என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பழகிய நண்பர்களை இப்படிப் புள்ளிகளாகக் காட்டி "இது யார்?" என்று கேட்டார்கள். எல்லாமே சரியாக வரவில்லை. ஆனால் குத்துமதிப்பாகச் சொன்னால் வருவதைவிடத் தெளிவாகவே அதிகம் சரியாக வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி கணினி. அதற்கு ஒரு படம் என்பது எண்கள் நிறைந்த ஒரு கட்டம்தான், எந்தப் புள்ளியில் எவ்வளவு வெளிச்சம் என்ற எண்கள். அடுத்தடுத்த இரண்டு படங்களை வைத்து எது எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். நகர்ந்தாலும் ஒரு புள்ளியின் வெளிச்சம் மாறாது என்று வைத்துக்கொண்டால் புள்ளிக்கு ஒரு சமன்பாடு கிடைக்கும். தெரியாதவையோ இரண்டு, பக்கவாட்டில் எவ்வளவு, மேலும் கீழும் எவ்வளவு. ஒரு சமன்பாடு, இரண்டு மாறிகள், தீர்வு உண்டா? கடைசி பெஞ்சையும் எழுப்பி நான் கேட்ட கேள்விதான் இது.

நம்பாவிட்டால் ஒரு அட்டையில் ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை போடுங்கள். அதன் அடியில் ஒரு சாய்ந்த கோடு வரைந்த காகிதத்தை வைத்து நகர்த்துங்கள். காகிதத்தைப் பக்கவாட்டில் இழுத்தாலும் சரி, மேலே தள்ளினாலும் சரி, ஓட்டை வழியாகப் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சின்னத் துவாரம் வழியாகப் பார்ப்பவருக்கு முழு அசைவு தெரியாது.

1981இல் இரண்டு இடங்களில் இதற்கு வழி பிறந்தது. எம்.ஐ.டி.யில் பெர்த்தோல்ட் ஹார்ன், பிரையன் ஷுங்க் இருவரும், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் நகரும், திடீர் திடீரென்று மாறாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லூகாஸ், டக்கேயோ கனடே இருவரும் ஒரு சிறு சதுரத்துக்குள் இருப்பதெல்லாம் ஒரே அசைவு என்று எடுத்துக்கொண்டார்கள். அப்போது மாறிகள் இரண்டே, சமன்பாடுகள் பல. மீச்சிறு வர்க்க முறையில் தீர்த்துவிடலாம். கணக்கு எதற்கு சார் உதவும் என்று கேட்டவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

அசைவை அளக்க வேறொரு கூட்டமும் கிளம்பியது. அவர்களுக்குக் கவலை இடப்பற்றாக்குறை. வி.சி.டி. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் வினாடிக்கு 3.8 எம்.பி. ஆகும். 650 எம்.பி. கொள்ளும் ஒரு சி.டி.யில் மூன்று நிமிடம்கூட ஓடாது, ஒரு பாட்டு முடியாது. ஆனால் 74 நிமிடம் ஓடியதே, எப்படி? 1988இல் தொடங்கிய எம்பெக் குழுவின் முதல் தரநிலை 1993இல் வெளியானது. அதன்படி படத்தை 16க்கு 16 புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டுகிறார்கள், நம் வி.சி.டி.யில் 396 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் மறுபடி எழுதாமல், "முந்தைய படத்தில் இன்ன இடத்தில் இருந்தது, இத்தனை தூரம் நகர்ந்திருக்கிறது" என்று ஓர் அம்புக்குறியும் மிச்ச வித்தியாசமும் மட்டும் எழுதுகிறார்கள். சில படங்கள் மட்டும் முழுதாக இருக்கும்.

அதாவது யாரும் தேடுவதற்கென்று போடாத அசைவுக் குறிப்புகள் என் அலமாரியில் இருந்த சி.டி.களுக்குள் லட்சக்கணக்கில் கிடந்திருக்கின்றன. ஆராய்ச்சியாளர்களும் பிற்பாடு இதை இலவச வரமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் முழுக்க நம்ப முடியாது. அந்த அம்புக்குறியின் நோக்கம் சிக்கனம், உண்மை அல்ல. வெள்ளைச் சுவரின் ஒரு சதுரம் சுவரின் எந்தச் சதுரத்தோடும் பொருந்தும். அதனால் அசையாத சுவரிலும் அம்புகள் கண்டபடி பறக்கும்.

அதே 1993இல் சிங்கப்பூரில் ஹாங்ஜியாங் ஜாங், அத்ரேயி கங்கன்ஹள்ளி, ஸ்டீபன் ஸ்மோலியர் மூவரும் வீடியோவை ஷாட் ஷாட்டாகத் தானாகவே பிரிப்பது பற்றி எழுதினார்கள். யோசனை எளிமையானது. ஒவ்வொரு படத்திலும் எந்த நிறம் எத்தனை புள்ளிகள் என்று எண்ணி அடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் சட்டென்று எகிறினால் அங்கே கட். ஒரு காட்சி மெல்ல மங்கி மற்றொன்று தோன்றினால்? அதற்கு இரண்டு வரம்பு வைத்தார்கள், சின்ன வரம்பைத் தாண்டியதும் வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, கூட்டல் பெரிய வரம்பைத் தாண்டினால் காட்சி மாற்றம் என்று கொள்வது. பேரன் ஓடவிட்ட மென்பொருளும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். இந்த முறைக்குப் பெரிய எதிரி கேமரா ஃபிளாஷ். எனக்கு வந்த 1,140 படங்களில் முந்நூறுக்கு மேல், பரிசு வாங்கும்போது ஃபிளாஷ் அடித்ததைக் கட் என்று நினைத்து அது கொடுத்தவை. (நம் ஊர்க் கல்யாண வீடியோக்களில் மணமக்கள் இதய வடிவத்துக்குள் சுழன்று வருவார்களே, அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.)

பிறகு வேலை வேகம் பிடித்தது. 1994இல் கார்னகி மெலனில் ஹோவர்ட் வாக்ட்லர் தலைமையில் இன்ஃபோமீடியா திட்டம் தொடங்கியது, பேச்சை எழுத்தாக்கி, படத்தோடு இணைத்து, செய்தி வீடியோக்களைத் தேட. 2001இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், எல்லா ஆராய்ச்சிக் குழுக்களுக்கும் ஒரே வீடியோவைக் கொடுத்துப் பரீட்சை வைக்க ஆரம்பித்தது. வாத்தியாருக்குப் பிடித்த காரியம்.

ஆனால் ஒரு இடத்தில் எல்லோரும் சறுக்கினார்கள் என்பது என் கருத்து. ஷாட்டைப் பிரித்தபின் அதற்கு ஒரு படத்தைப் பிரதிநிதியாக வைத்தார்கள், பிறகு தேடலெல்லாம் அந்தப் படத்தில்தான். செய்திக்கு இது பொருந்தும், அதில் ஒரு ஷாட் சில வினாடிதான். நம் ஆண்டு விழாவிலோ வீடியோக்காரர் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். பன்னிரண்டு நிமிடம் ஒரே ஷாட், அதற்குப் பிரதிநிதி முதல் வினாடியின் காலி மேடை. நான்காம் நிமிடத்தில் யார் குறுக்கே போனாலும் அந்தப் படத்தில் இருக்க மாட்டார். அசையும் படத்தில் தேட வந்தவர்கள் அசைவை வெளியே வைத்துவிட்டுப் போட்டோவில் தேடினார்கள். அன்றைய கணினிகளின் கொள்ளளவுக்கு வேறு வழியும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

விதிவிலக்குகள் உண்டு. 1997இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஷி-ஃபூ சாங் குழுவினர் செய்த வீடியோக்யூவில் பொருளின் உருவம், நிறத்தோடு அது போகும் பாதையையும் கோடாக வரைந்து தேடலாம். 2003இல் ஆக்ஸ்போர்டில் சிவிக், ஜிஸ்ஸர்மன் இருவரும் புத்தகத்தின் பின்னால் சொல்லடைவு இருப்பதுபோல் படத்துணுக்குகளுக்கு அடைவு போட்டு, 'ரன் லோலா ரன்', 'கிரவுண்ட்ஹாக் டே' திரைப்படங்களில் ஒரு பொருள் வரும் இடங்களை எல்லாம் எடுத்துக் காட்டினார்கள். அவர்களும் மூன்று ஃபிரேமுக்கு மேல் நிலைக்காத துணுக்குகளை நம்பாமல் விலக்கினார்கள்.

இப்போது வார்த்தையாலேயே தேடலாம். 2021இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப், இணையத்திலிருந்து எடுத்த 40 கோடிப் படங்களையும் அவற்றோடிருந்த வாசகங்களையும் வைத்துப் பழக்கப்பட்டது. அதைச் சேர்ந்த ஒன்றில் பேரன் "மைக் ஸ்டாண்டுடன் ஒரு ஆள்" என்று கேட்டான். தலைமையாசிரியர் பேசுவது வந்தது, சிறப்பு விருந்தினர் பேசுவது வந்தது, ஆண்டறிக்கை வாசிக்கும் நான் பதினொரு முறை வந்தேன். அதுவும் ஒவ்வொரு படமாகத்தானே பார்க்கிறது.

அப்போது நான் சொன்னேன், "டேய், அவர் நின்னு பேசுறவர் இல்ல. ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்குப் போறவர்." பேரன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, 1981இன் முறையை வைத்தே ஒரு சிறு நிரல் எழுதினான். கேமரா ஆடாமல் இருக்க வேண்டும், மேடையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே ஒரு உருவம் நகர வேண்டும். அன்று இரவு 212 துண்டுகள் வந்தன. சால்வைத் தட்டு தூக்கும் பிள்ளைகள், திரையை இழுத்து ஓடுபவர்கள், 1998 விழாவில் இரண்டு முறை மேடையைக் கடந்த ஒரு நாய்.

137ஆவது துண்டு 1997ஆம் வருட விழா. நடனம் முடிந்து நாடகம் தொடங்குவதற்கு முன், பாதி விளக்கு அணைந்த மேடை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இடது தோளில் மைக் ஸ்டாண்டு, வலது கையில் சுருட்டிய ஒயரோடு இடமிருந்து வலமாகப் போகிறார். ஒன்பது வினாடி. முகம் என்று சொல்ல எதுவும் இல்லை, மொத்த முகமும் நான் மேலே சொன்ன சதுரங்களில் ஒன்று. ஆனால் வலது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்து எழும் நடை எனக்கு நினைவிருந்தது. இருந்தாலும் நிச்சயமாகச் சொல்லத் துணிவில்லை. "இவராக இருக்கலாம்" என்று மட்டும் எழுதி மாணவருக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை போன் வந்தது. அம்மாவிடம் யார் என்ன என்று எதுவும் சொல்லாமல் போனைக் கையில் கொடுத்தாராம். இரண்டாவது அடி வைக்கும்போதே, "இந்நேரத்துல மைக்க எடுத்துக்கிட்டு எங்க போறாரு?" என்று கேட்டாராம் அம்மா.

ஒன்பது சி.டி.யும் இப்போது ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. யாருக்காவது யாரையாவது தேட வேண்டுமானால் இன்பாக்ஸில் எழுதுங்கள். எந்த வருடம், மேடையில் எந்தப் பக்கம், கையில் என்ன வைத்திருப்பார், எப்படி நடப்பார் என்று சொல்லுங்கள். பேரனுக்கு அடுத்த வாரம் செமஸ்டர் தேர்வு, அது முடிந்தபின் பார்த்துச் சொல்கிறோம்.