முல்கோவால் துயரமும் உதவியாளர் பயிற்சியும்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மருந்தைப் புட்டியிலிருந்து எடுத்து மனிதரின் புயத்தில் செலுத்தும் உதவியாளரைப் பற்றி அது மிகுதியாகப் பேசுவதில்லை. ஆயினும், தடுப்பூசியால் விளையும் நன்மை தீமைகள் பலவேளைகளில் அவ்வுதவியாளரின் கரங்களைச் சார்ந்தே அமைகின்றன. 1902ஆம் ஆண்டில் பஞ்சாபில் நேர்ந்த துயரம் ஒன்று இதற்குச் சான்றாகும்.

1896இல் பிளேக் என்னும் கொள்ளைநோய் பம்பாயில் பரவியது. ஒடெஸாவில் பிறந்த யூதரான வால்டெமர் ஹாஃப்கின் அங்கு அந்நோய்க்குரிய தடுப்பூசி மருந்தை உருவாக்கி, 1897 ஜனவரி 10ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். பின்னர் அம்மருந்து இந்தியாவின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டது.

1902 அக்டோபர் 30ஆம் நாள் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் ரணஜன்னி கண்டு மாண்டனர். அப்பத்தொன்பதின்மருக்கும் ஒரே புட்டியிலிருந்த மருந்தே செலுத்தப்பட்டிருந்தது. வேறு புட்டிகளிலிருந்து பெற்றவர்களுக்கு அத்தகைய தீங்கு நேரவில்லை.

அரசு அமைத்த விசாரணைக் குழு, பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே மருந்து மாசுபட்டிருக்க வேண்டும் என்று கருதியது. கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விடுத்து, வெப்பத்தால் கிருமி நீக்கும் முறையை ஹாஃப்கின் மேற்கொண்டிருந்தமை அவருக்கு எதிராகக் கொள்ளப்பட்டது. அவர் பொறுப்பினின்று விலக்கப்பட்டார். ஆனால், ஊரில் அப்புட்டியைத் திறப்பதற்கு முன் இடுக்கி தரையில் விழுந்ததும், உதவியாளர் அதை முறைப்படி கிருமி நீக்காமல் கார்பாலிக் நீரில் அலசி மட்டும் பயன்படுத்தியதும் சாட்சியத்தில் வெளிப்பட்டன. 1907 ஜூலையில் ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் இலண்டன் ‘டைம்ஸ்’ இதழில் இவற்றை எடுத்துரைத்தனர். ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்கியது. அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்து பணியாற்றினார். 1925இல் பம்பாய் ஆய்வுக்கூடத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இங்கு நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அறிஞர்மீது சுமத்திய பழியை எடுத்து எளிய உதவியாளர்மீது வைத்துவிட்டால் நீதி நிறைவேறிவிடுமா? அவர் இடுக்கியை அலசவே செய்தார். அதாவது, தூய்மை வேண்டும் என்பதை அறிந்திருந்தார். ஆனால் அந்த அலசல் ஏன் போதாது என்பதை அவருக்கு எவரேனும் கற்பித்திருந்தனரா? செயலைக் கற்பித்துக் காரணத்தைக் கற்பியாவிடில், செயல் வெறும் சடங்காகிவிடும். சடங்கு மாத்திரம் உயிரைக் காவாது.

பிற்காலம் இப்பாடத்தை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் மருத்துவ உதவியாளர்களும் ஃபுளூ தடுப்பூசி போடுகின்றனர். அவர்களுக்கென 2015இல் தனிப் பயிற்சித் தரங்கள் வகுக்கப்பட்டன. மருந்தைக் குளிர்நிலையில் காத்தல், கைத்தூய்மை, ஊசி செலுத்தும் இடம், திடீர் ஒவ்வாமை அதிர்ச்சி நேரின் செய்ய வேண்டிய முதலுதவி ஆகியவற்றை அவர்கள் கற்க வேண்டும். அதன்பின் அனுபவமிக்கவரின் மேற்பார்வையில் பழகித் தங்கள் தகுதியை நிரூபிக்க வேண்டும். பொறுப்பைக் கொடுப்பவர் அறிவையும் கொடுத்து, அருகிலும் நிற்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

திருச்சபைக்கும் இது பொருந்தும். நம் சபைகளில் உபதேசியார்களும் மூப்பர்களும் ஓய்வுநாட்பள்ளி ஆசிரியர்களும் ஆத்தும பராமரிப்பின் பெரும்பகுதியைச் சுமக்கின்றனர். அவர்களிடம் பணியை ஒப்படைத்துவிட்டு ஆண்டுக்கொரு கூட்டத்தில் மட்டும் சந்திப்பது பயிற்சியாகாது. உண்மையுள்ளவர்களைத் தெரிந்து, பிறருக்கும் போதிக்கத் தக்கவர்களாக ஆயத்தப்படுத்தும்படி பவுல் தீமோத்தேயுவைப் பணித்தார். அப்பணி இன்று இறையியல் கற்போர் ஒவ்வொருவரின் கடமையாகும். உதவியாளர் தவறும்போது ஆயர் முதலில் கேட்க வேண்டியது, “நான் இவருக்கு என்ன கற்பித்தேன்?” என்பதே.