தானே மாறும் பற்சக்கரம்: அதன் வரலாறும் பழுதறியும் நெறியும்

மனிதன் அமைத்த பொறிகளுள் சில அவன் கைவேலையைக் குறைத்தன. சில அவன் கால்வேலையைக் குறைத்தன. மோட்டார் வண்டியின் தானியங்கிப் பற்சக்கரப் பெட்டியோ அவனது தீர்மானத்தையே தன்மேல் ஏற்றுக்கொண்டது. எந்த வேகத்தில் எந்தக் கியர் வேண்டும் என்பதை ஓட்டுநர் எண்ணுமுன்னரே அது தேர்ந்துவிடுகின்றது. இதனால் மக்களிடையே ஒரு மயக்கமும் தோன்றியது. பெட்டிக்குள் ஏதோ மறைபொருள் இருக்கின்றது, அது பழுதுற்றால் முழுமையாகக் கழற்றி மாற்றுவதன்றி வேறு வழியில்லை என்பதே அம்மயக்கம். பழைய வேன் ஒன்றைப் பிழைப்புக்கு நம்பியிருப்பவர்க்கு இது பெரும் பொருளிழப்பாய் முடிவதுண்டு.

பெட்டியின் வரலாற்றை அறிந்தவர்க்கு இம்மயக்கம் நீங்கும். ஒவ்வோர் உறுப்பும் எத்தேவை கருதி வந்து சேர்ந்தது என்று தெரிந்தால், அவ்வுறுப்புத் தவறும்போது என்ன குறி தோன்றும் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்று கருத்துகளின் கூட்டு

தானியங்கிப் பெட்டியைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் வினாவுக்கு ஒரே பெயரை விடையாகக் கூற இயலாது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நோக்கங்களுக்காகப் பிறந்த மூன்று கருத்துகள் ஓரிடத்தில் கூடியதன் பயனே அது.

முதலாவது, கோள்பற்சக்கரம். நடுவே ஒரு சக்கரம், அதனைச் சுற்றி வரும் சிறு சக்கரங்கள், இவற்றை வளைத்து நிற்கும் பல்வளையம் ஆகிய மூன்றும் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். இவற்றுள் ஒன்றைப் பட்டை கொண்டு இறுக்கி நிறுத்தினால் ஒரு வேகம். இரண்டை ஒன்றாகப் பிணைத்தால் மற்றொரு வேகம். பற்களை நகர்த்திக் கோக்க வேண்டிய தொல்லை இதில் இல்லை. 1908-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி வண்டி இம்முறையைக் கையாண்டது. ஆயினும் அதில் பட்டையை இறுக்கியது ஓட்டுநரின் காலே.

இரண்டாவது கருத்துக் கப்பல் தொழிலிலிருந்து வந்தது. நீராவிச் சுழலி மிக விரைந்து சுழலும். கப்பலின் உந்துவிசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் பயன் தரும். இவ்விரண்டையும் இணைக்கும் வழியை ஸ்டெட்டின் நகர வல்கன் கப்பல் தளத்தில் பணியாற்றிய ஜெர்மானியப் பொறியியலறிஞர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் ஆராய்ந்தார். அவர் 1905-ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமை, திரவத்தின் வாயிலாகவே ஆற்றலைக் கடத்தும் முறையைப் பற்றியது. எதிரெதிரே வைத்த இரு மின்விசிறிகளுள் ஒன்றைச் சுழலவிட்டால், அதன் காற்றால் மற்றொன்றும் சுழலத் தொடங்கும். காற்றுக்கு மாறாக எண்ணெயைக் கொள்க. அதுவே திரவ இணைப்பு. இங்கிலாந்தின் டெய்ம்லர் நிறுவனம் 1930-இல் இதனைச் சாலை வண்டிகளில் புகுத்தியது.

மூன்றாவது கருத்து, கியரைத் தேர்வதும் பொறியின் வேலையாக வேண்டும் என்பது. கனடா நாட்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹார்னர் மன்ரோ 1921-இல் இத்தகைய பெட்டி ஒன்றை வகுத்தார். அவர் எண்ணெயை விடுத்து அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினார். அதன் ஆற்றல் போதாமையால் அது சந்தைக்கு வரவில்லை.

இம்மூன்றையும் இணைத்து வெற்றி கண்டது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம். 1928-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் ஓசையின்றிக் கியர் மாற்றும் முறையைத் தந்த ஏர்ல் தாம்ப்சன் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1939-ஆம் ஆண்டு அக்டோபரில், 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளுக்கென 'ஹைட்ரமாட்டிக்' அறிமுகமாயிற்று. நான்கு முன்வேகங்கள் கொண்ட அதற்கு முதலில் குறித்த கூடுதல் விலை 57 டாலர். இரண்டாம் உலகப் போரில் இரட்டைக் காடிலாக் எஞ்சின் பூட்டிய எம்-5 இலகு டாங்கிகளும் இப்பெட்டியைக் கொண்டே ஓடின. செல்வர்க்குரிய ஆடம்பரம் என்று கருதப்பட்ட பொருள், போர்க்களத்தின் கடுமையையும் தாங்கும் என்பது இதனால் தெளிவாயிற்று.

உள்ளே இருக்கும் தராசு

பெட்டி எவ்வாறு தீர்மானிக்கின்றது? அதற்கு மூளை இல்லை. ஒரு தராசு உண்டு. எஞ்சினால் இயங்கும் பம்பு எண்ணெய்க்கு அழுத்தம் ஊட்டுகின்றது. அவ்வழுத்தம் இரு கிளைகளாகப் பிரிகின்றது. ஒரு கிளையைக் கவர்னர் ஆள்கின்றது. வெளித்தண்டோடு சுழலும் அக்கவர்னர், வண்டியின் வேகம் ஏற ஏற அழுத்தத்தையும் ஏற்றும். மற்றொரு கிளை எஞ்சினின் பளுவைக் கூறுவது. ஓட்டுநர் மிதியை அழுத்த அழுத்த இதன் அழுத்தம் மிகும். இவ்விரண்டுக்கும் இடையே மாற்று வால்வு நிற்கின்றது. பளுவின் அழுத்தத்தையும் சுருள்வில்லின் தடையையும் வேகத்தின் அழுத்தம் வென்றவுடன் வால்வு நகரும், எண்ணெய் அடுத்த கிளட்சுக்கோ பட்டைக்கோ பாயும், கியர் மாறும். ஏற்றத்தில் தாமதித்தும் சமவெளியில் விரைந்தும் கியர் மாறுவதன் காரணம் இதுவே.

இத்தராசை மனத்தில் கொண்டால் பழுதின் பெரும்பகுதி விளங்கிவிடும். கியர் மாறுவது தாமதமாகி, மாறும்போது பலத்த அதிர்ச்சியும் தோன்றினால், பளுவின் தட்டு வேண்டாத வகையில் கனத்துள்ளது என்று கொள்ளலாம். இருக்க வேண்டிய பளு இருந்தும் கியர் மிக முன்னதாக மாறி வழுக்கினால், அத்தட்டு இலேசாகியுள்ளது. எவ்வளவு ஓடியும் அடுத்த கியருக்கே மாறாவிடில், வேகத்தைக் கூறும் கவர்னரோ மாற்று வால்வோ சிக்கியிருக்கக்கூடும். எல்லாக் கியர்களும் ஒருங்கே வழுக்கினால், தராசில் குறையில்லை. இரு தட்டுக்கும் உணவளிக்கும் எண்ணெயழுத்தமே குன்றியுள்ளது.

எக்கோனோலைன் வேன் தரும் சான்று

1970-ஆம் ஆண்டுகளில் ஃபோர்டு நிறுவனம் செய்த எக்கோனோலைன் வேன்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றில் அமைந்த தானியங்கிப் பெட்டிகளுள் சி-4 என்பது 1964-ஆம் ஆண்டிலும், சி-6 என்பது 1966-ஆம் ஆண்டிலும் தோன்றியவை. இரண்டும் மூன்று வேகம் உடையவை. இவற்றில் எஞ்சினின் பளுவைப் பெட்டிக்கு அறிவிப்பது ஒரு ரப்பர்க் குழாய். எஞ்சினின் உள்ளிழுப்புக் குழலிலுள்ள வெற்றிடம், அதன் வழியே மாடுலேட்டர் என்னும் சிறு கிண்ணத்தை அடைந்து, அதனுள்ளிருக்கும் சவ்வை இழுக்கின்றது. மிதியை இலேசாக அழுத்தும்போது வெற்றிடம் மிகுதி. பெட்டியின் அழுத்தம் குறையும். மிதியை ஆழ அழுத்தினால் வெற்றிடம் குன்றும், அழுத்தம் ஏறும்.

ஆண்டுகள் பல கழிந்தபின் அந்த ரப்பர் வெடித்துவிட்டது என்று கொள்வோம். வெற்றிடம் கிண்ணத்தை எட்டாது. வேன் வெறுமையாகச் சென்றாலும் முழுப்பளு சுமப்பதாகவே பெட்டி கருதும். கியர் தாமதித்து, இடித்து மாறும். உரிமையாளர் பெட்டி கெட்டதென்று அஞ்சுவார். கெட்டதோ ஒரு சிறு குழாய். சவ்வே கிழிந்துவிட்டால் எஞ்சின் பெட்டியின் எண்ணெயை உறிஞ்சி எரிக்கும். புகைபோக்கியில் வெண்புகை எழும். வெளியே ஒழுக்கு இல்லாமலே எண்ணெய் குறையும். குழாயின் கிண்ணமுனையைக் கழற்றிப் பார்க்கையில் சிவந்த எண்ணெய் இருந்தால் இதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அதே முனையில் வெற்றிடமானியைப் பொருத்திச் சோதிப்பதும் உண்டு. நலமான எஞ்சின் வெறுமனே ஓடும்போது ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலம் காட்டும். குழாய் நன்றாயிருந்தும் அளவு மிகக் குறைந்தால் குறை எஞ்சினில் உள்ளது. தேய்ந்த எஞ்சினின் குற்றத்தைப் பற்சக்கரப் பெட்டி சுமக்கும் நிலை இது.

எண்ணெயின் வரலாறு

இப்பெட்டிக்கு எண்ணெய் வெறும் வழுக்குப் பொருளன்று. ஆற்றலைக் கடத்துவதும், கட்டளையைக் கொண்டு செல்வதும், வெப்பத்தை அகற்றுவதும் அதுவே. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் 'டைப் ஏ' என்னும் தனி எண்ணெய்க்கு இலக்கணம் வகுத்தது. கிளட்சுத் தகடுகள் இதமாகப் பற்றும் பொருட்டு ஒரு காலத்தில் திமிங்கிலத் தைலமும் இவ்வகை எண்ணெய்களில் கலக்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அத்தைலம் விலக்கப்பட்டபின், வேறு வேதிப்பொருள்களைத் தேட வேண்டியதாயிற்று.

ஃபோர்டு நிறுவனத்தின் 'டைப் எஃப்' எண்ணெயோ சட்டென்று இறுகப் பற்றும் இயல்பினது. நிறம் இரண்டிற்கும் சிவப்பே, குணம் வேறு. நிறத்தை நம்பி ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் கியர் மாறும் தன்மை திரியும். ஆகவே அவ்வண்டிக்குரிய கைந்நூல் கூறும் எண்ணெயையே தேர்தல் வேண்டும்.

1989-ஆம் ஆண்டு மாதிரிகளில் கிரைஸ்லர் நிறுவனம் தன் சிறு வேன்களுக்கு 'அல்ட்ராடிரைவ்' என்னும் நான்கு வேகப் பெட்டியைத் தந்தது. தராசின் வேலையை அதில் மின்னணுக் கருவி ஏற்றது. கருவி பிழையொன்றை உணர்ந்தால், மேலும் கேடு நேராதிருக்க வண்டியை இரண்டாம் கியரிலேயே நிறுத்திவிடும். ஆயினும் அறிவிப்பவன், கட்டளை, எண்ணெய் என்னும் பழைய ஒழுங்கு மாறவில்லை. ரப்பர்க் குழாயின் இடத்தில் மின்கம்பி வந்தது, அவ்வளவே.

சோதனையின் வரிசை

பழுதறிவோர் எளிதிலிருந்து அரிதிற்குச் செல்லல் முறை. முதலில் சமதரையில், எஞ்சின் சூடேறி ஓடும் நிலையில், கைந்நூல் கூறும் இடத்தில் நெம்பை வைத்து எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். கருகிய நாற்றமும் கறுத்த நிறமும் கிளட்சு எரிந்ததைக் காட்டும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் ஒழுகுவது இதற்குப் பெருங்காரணம். அடுத்து வெளியிலுள்ள குழாய், கம்பி, நெம்புகோல் இணைப்புகளைக் காண்க. பின்னர் அழுத்தமானி கொண்டு எண்ணெயழுத்தத்தை அளக்க. அதன்பின் அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியைக் காண்க. தட்டில் நுண்ணிய சாம்பல் நிறப் பொடி சிறிது படிதல் இயல்பு. உலோகச் சீவல்கள் கிடந்தால்தான் பெட்டியைப் பிரிக்கும் நேரம் வந்தது.

இவ்வரிசை எல்லாப் பழுதையும் மலிவாகத் தீர்க்கும் என்று கொள்ளலாகாது. எரிந்த கிளட்சைப் புது எண்ணெய் உயிர்ப்பிக்காது. இறுகிப்போன ரப்பர் அடைப்பான்களும் மாற்றப்படவே வேண்டும். ஆனால் பிரிக்க வேண்டிய பெட்டி எது, பிரிக்கலாகாத பெட்டி எது என்பதை அது காட்டிவிடும். கப்பல் தளத்தில் ஃபோட்டிங்கர் தொடங்கிய ஆராய்ச்சியும், தாம்ப்சன் வகுத்த தராசும் இன்றும் ஒரு பழைய வேனின் அடியில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றின் மொழியை அறிந்தவன் கையில், ஒரு முழம் ரப்பர்க் குழாயே ஒரு குடும்பத்தின் பல மாத ஊதியத்தைக் காப்பாற்றவல்லது.