7100க்கு மேலே யாருடைய காணி?

பொழுதுபட்ட பிறகு ஒரு பழைய றேடியோவில் சிற்றலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். பகலில் செத்துக் கிடந்த 41 மீற்றர் பக்கம் உயிர்த்துவிடும். சீனம், அரபு, ஹிந்தி, நடுவில் ஒரு விசில் சத்தம். எங்கட அப்பப்பா அப்பம்மாவுக்கு இது சாதாரண சங்கதி. ஆனால் அந்த நெரிசலுக்குள் இன்னொரு கூட்டமும் இருந்தது. பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, வீட்டிலிருந்தே உலகத்தோடு கதைக்கிற அமெச்சூர் வானொலிக்காரர். ஹாம் எண்டு சொல்லுவினம். அவர்களுக்கு அந்தப் பக்கத்தின் பெயர் 40 மீற்றர். ஒரே காணி, இரண்டு உறுதி.

யார் முதல் வந்தது? 200 மீற்றருக்குக் குறைந்த அலைகள் பெரிதாக உதவாது எண்டு நினைத்துத்தான் 1912இல் அமெரிக்கா அமெச்சூர்களை அங்கே தள்ளியது. அந்த உதவாத அலைகளில் 1923இல் அவர்கள் அத்திலாந்திக்கைத் தாண்டி, இருபக்கமும் மோர்ஸில் பேசிக் காட்டினார்கள். 1927இல் வாஷிங்டனில் கூடிய நாடுகள் 7000 முதல் 7300 கிலோஹேர்ட்ஸ் வரை அவர்களுக்கே எண்டு எழுதிக் கொடுத்தன. ஆனால் அதற்குள் எல்லாருக்கும் அந்தக் காணியில் கண் விழுந்துவிட்டது. 1938இல் கெய்ரோ மாநாடு, அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே 7200க்கு மேல் ஒலிபரப்பு நிலையங்களையும் உள்ளே விட்டது. 1959இல் ஜெனீவா முடித்து வைத்தபோது, ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியாக்காரருக்கு (இலங்கையும் இதற்குள்தான்) மிஞ்சியது 7000 முதல் 7100 வரைதான். அமெரிக்கர்களுக்கு மட்டும் முழு 300.

பேப்பரில் எல்லை போடலாம். இரவில் இந்த அலைகள் வானத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் போகும். அவைக்கு எல்லை தெரியாது. ஹாமின் பெட்டி சாதாரணமாக 100 வாற்று. ஒலிபரப்பு நிலையம் 250 கிலோவாற்று, அதாவது 2500 மடங்கு. பக்கத்து அலைவரிசை எண்டால் ஒரு ஃபில்ற்றர் போட்டு ஓரளவு தப்பலாம். அதே அலைவரிசையில் வந்து குந்தினால் எந்த ஃபில்ற்றரும் உதவாது, விசில்தான் கேட்கும். அதனால் ஒரு விசித்திரமான வழக்கம் வந்தது. எங்கட பக்கத்துக்காரர் 7100க்குக் கீழே நின்று பேசுவார், அமெரிக்கர் 7150க்கு மேலே நின்று பதில் சொல்லுவார். ஒவ்வொருவரும் பேசுவது ஓரிடம், காது கொடுப்பது இன்னோரிடம். அந்த மேற்பக்கத்தில் ஒலிபரப்புகளுக்கு நடுவே அமெரிக்கரின் குரலைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பத்து வருசம் இருபது வருசம் இல்லை, அரை நூற்றாண்டு இப்படி.

கருவி தீர்க்காததை மேசைதான் தீர்க்க வேண்டும். 1925இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச அமெச்சூர் வானொலிச் சங்கம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. 2003இல் ஜெனீவாவில் முடிவு வந்தது: 7100 முதல் 7200 வரை உள்ள ஒலிபரப்பாளர்கள் 2009 மார்ச் 29க்குள் வெளியேற வேண்டும். (2009 மார்ச் எண்டதும் எங்களுக்கு வேற ஞாபகம்தான் வரும்.) இதை நியாயத்தின் வெற்றி எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஒலிபரப்பாளர்களுக்கு 7300க்கு மேலே, 7450 வரை மாற்றிடம் கிடைத்தது. சிற்றலை கேட்கிற சனமும் குறைந்துகொண்டிருந்தது. விட்டுக்கொடுப்பது லேசான காலத்தில்தான் விட்டார்கள். கேட்டது 300, கிடைத்தது 200.

"பொழுதுபோக்குக்காரருக்கு எதற்கு இவ்வளவு இடம்" எண்டு கேட்கிறவர்கள் 2004 டிசம்பர் 26ஐ நினைக்கலாம். அம்பாந்தோட்டையில் தொலைபேசி செத்தபோது கொழும்போடு தொடர்பு கொடுத்தவர்கள் சிற்றலை ஹாம்கள்.

காலக்கெடு முடிந்தும் எல்லாரும் போகவில்லை. எரித்திரியாவின் அரச வானொலி அதற்குப் பிறகும் பல வருசம் அந்த 100 கிலோஹேர்ட்ஸுக்குள்ளேயே பேசியது. அதை மறைக்க எதியோப்பியா அதே இடத்தில் வெறும் இரைச்சலை ஏவியது. சண்டை அவர்களுக்குள், காது வலி கண்டம் தாண்டி ஹாம்களுக்கு. தொண்டர்கள் இரவிரவாகக் கேட்டு, நேரமும் அலைவரிசையும் குறித்து, தங்கள் தங்கள் நாட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய்க் கதையைத் தொடர்ந்தார்கள்.