ஸ்லைப்னர்: கடலில் மூழ்கிய ஒரு கணக்கு

ஃபைனைட் எலிமென்ட் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள ஆரம்பித்த எல்லோரும் முதல் வாரத்தில் செய்வது ஒன்றுதான். ஒரு பிராக்கெட்டை வரைவோம். ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கம் லோடு கொடுப்போம். பட்டனை அமுக்கினால் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அழகான ஒரு படம் வரும். வைவாவில் அதைக் காட்டினால் பாதி மார்க் நிச்சயம். ஆனால் மெஷ் எவ்வளவு மோசமாக இருந்தாலும் படம் அதே அழகோடு வரும் என்பதை யாரும் முதல் வாரத்தில் சொல்வதில்லை. இந்த விஷயத்தை உலகத்துக்கே உரக்கச் சொன்ன சம்பவம் ஒன்று நார்வேயில் நடந்தது. அதற்கு முன் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1943-ல் ரிச்சர்ட் கூரன்ட் என்ற கணித மேதை, முறுக்கப்படும் ஒரு தண்டின் கணக்கைப் போட அதன் குறுக்குவெட்டைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அத்தனை சமன்பாடுகளைக் கையால் தீர்க்க யாருக்குப் பொறுமை? பொறியாளர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பத்து வருடம் கழித்து போயிங் கம்பெனிக்கு ஒரு தலைவலி வந்தது. ஜெட் விமானங்களுக்கு முக்கோண வடிவ டெல்டா இறக்கைகள் வரத் தொடங்கியிருந்தன. பழைய நீளமான இறக்கையை ஒரு பீம் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் ஓரளவு சரியாக வரும். டெல்டா இறக்கைக்கு அது வேலைக்கு ஆகவில்லை. அங்கே ஜான் டர்னரின் குழுவில் கோடை விடுமுறையில் வேலை பார்க்கப் போனவர் பெர்க்லியில் சிவில் பேராசிரியராக இருந்த ரே கிளஃப். இறக்கையின் தகட்டை முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் விறைப்பையும் தனியாகக் கணக்கிட்டு, மூலைகளில் ஒன்றோடொன்று கோத்துவிட்டார்கள். டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர் பெயரில் 1956-ல் வெளியான கட்டுரை இன்றும் இத்துறையின் அஸ்திவாரம். 'ஃபைனைட் எலிமென்ட்' என்று பெயர் வைத்தது கிளஃப், 1960-ல். ஐரோப்பாவில் ஆர்கைரிஸ் ஏறக்குறைய இதே பாதையில் தனியாக வந்துகொண்டிருந்தார். சீனாவில் ஃபெங் காங் 1960-களில் அணைகளுக்காக வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இங்கே ஒரு முக்கியமான நுணுக்கம். அந்த முதல் முக்கோணத்துக்குள் எந்த இடத்திலும் தகைவு ஒரே அளவுதான் என்று வைத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் அப்படி இருக்காது. தகைவு மெதுவாக மாறும் இடத்தில் இந்தப் பொய்யால் நஷ்டம் இல்லை. சட்டென்று ஏறும் மூலைகளில் துண்டுகள் மிகச் சிறிதாக இருந்தால்தான் பொய் உண்மைக்குப் பக்கத்தில் வரும். பின்னால் வந்த எலிமென்ட்கள் இன்னும் புத்திசாலிகள். ஆனாலும் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு அனுமானம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

1960-களில் நாசா தன் விண்கலங்களுக்காக நாஸ்ட்ரான் என்ற புரோகிராமை எழுத வைத்தது. பின்னர் அது வெளியிலும் கிடைத்தது. பாலம், கார், அணை என்று எல்லாத் துறைக்கும் இந்த முறை பரவிவிட்டது. கடலில் எண்ணெய் எடுப்பவர்களுக்கும்.

இப்போது நார்வே. வடகடலில் 82 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டிய ஸ்லைப்னர் ஏ என்ற எரிவாயு மேடையை ஸ்டாட்டாயில் நிறுவனத்துக்காக (2018 முதல் இதன் பெயர் ஈக்வினோர்) நார்வீஜியன் கான்ட்ராக்டர்ஸ் கட்டியது. அடிப்பாகம் முழுக்க கான்கிரீட். 24 பெரிய உருளை அறைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அவற்றில் நான்கு மட்டும் தூண்களாக மேலே உயர்ந்து மேல்தளத்தைத் தாங்கும். மூன்று டம்ளர்களை ஒட்டி வைத்துப் பாருங்கள், நடுவில் ஒரு முக்கோண இடைவெளி இருக்கும். இங்கேயும் அப்படி இடைவெளிகள் இருந்தன, 'ட்ரைசெல்' என்பார்கள். அவை மேலே திறந்தவை. அடிப்பாகத்தைக் கடலில் அமிழ்த்தினால் கடல்நீர் அவற்றுக்குள் இறங்கி நிற்கும். அறைகளுக்குள்ளோ பெரும்பாலும் காற்று. ஆக, 65 மீட்டர் ஆழத்தில் அந்தச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 65 டன் தள்ளும். அந்தச் சுமை முழுவதும் சுவரின் இரு முனைகளிலும் வெட்டு விசையாக, அதாவது நாம் ஷியர் என்று சொல்வதாக, போய்ச் சேரும்.

வடிவமைப்பில் நாஸ்ட்ரான் பயன்பட்டது. ட்ரைசெல் மூலையருகே போட்டிருந்த மெஷ் போதிய அளவு சிறிதாக இல்லை, துண்டுகள் கோணலாகவும் இருந்தன. ஷியர் அங்கே 47 சதவீதம் குறைவாக வந்தது. அதை நம்பி சுவரின் கனத்தையும் கம்பியையும் முடிவு செய்தார்கள். போதாக்குறைக்கு, அந்த இடத்தில் போட்ட டி வடிவத் தலை வைத்த கம்பிகள் தேவையான தூரம் வரை நீளவில்லை.

1991 ஆகஸ்ட் 23. ஸ்டவாங்கர் நகரத்துக்குப் பக்கத்தில் காண்ட்ஸ்ஃபியோர்ட் என்ற குறுகலான கடல் இடுக்கு. மேல்தளத்தைப் பொருத்துவதற்கு முன் சோதனைக்காக அடிப்பாகத்தை மெல்ல அமிழ்த்திக்கொண்டிருந்தார்கள். பெரிய சத்தம் கேட்டது. ஒரு சுவர் விட்டுவிட்டது. பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் அனைவரும் உயிரோடு தப்பினார்கள், அது பெரிய விஷயம். இருபது நிமிடத்துக்குள் மொத்தமும் தண்ணீருக்குள் போய்விட்டது. கீழே இறங்க இறங்க அறைகள் நொறுங்கின. ஃபியோர்டின் தரையில் அது மோதிய அதிர்வு ரிக்டர் அளவில் 3 என்று பதிவானது. 220 மீட்டர் ஆழத்தில் மிஞ்சியது கான்கிரீட் குவியல் மட்டுமே. மொத்தப் பொருளாதார நஷ்டம் சுமார் 70 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

விசாரணையில் சின்டெஃப் ஆய்வு நிறுவனம் இறங்கியது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். விபத்துக்குப் பிறகு மெஷ்ஷை ஒழுங்காகப் போட்டு அதே ஃபைனைட் எலிமென்ட் முறையில் மறுபடி கணக்கிட்டபோது, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்! முறை மீது பழி போட வழியே இல்லை. சுவரை ஒரு பீமாக நினைத்து, நீரழுத்தத்தை நீளத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் முனையில் வரும் ஷியர் கிடைத்துவிடும். இரண்டாம் ஆண்டு மாணவர் காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு. கம்ப்யூட்டர் சொன்ன எண்ணை இந்த எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரஸ்யம். எரிவாயு கொடுப்பதாக ஒப்பந்தம் ஆகிவிட்டது, நாட்கள் நகர்கின்றன. கம்ப்யூட்டர் விடைகளை முழுக்கச் சரிபார்த்து முடிக்கும்வரை காத்திருக்க முடியாது. நார்வீஜியன் கான்ட்ராக்டர்ஸ் ஒரு தைரியமான முடிவு எடுத்தது. இருபது வருடம் முன்பு தங்கள் முதல் மேடைகளுக்கு எப்படிச் செய்தார்களோ, அதே ஸ்லைடு ரூல் காலத்து முறையில் புதிய அடிப்பாகத்தைக் கையாலேயே கணக்கிட்டார்கள். புதிய கம்ப்யூட்டர் விடைகள் கைக்கு வந்தபோது வடிவமைப்பு முழுக்க முடிந்து, கட்டுமானத்திலும் பெரும்பகுதி எழும்பிவிட்டிருந்தது. 1993 ஏப்ரல் 29 அன்று புதிய அடிப்பாகத்தின் மேல் மேல்தளம் பத்திரமாக உட்கார்ந்தது.